ஈ. 18

கம்பஸ் முடிச்சு வேலைக்குப் போய் ரெண்டாம் மாசமே நான் ஒரு களவைப் பிடிச்சனான். களவு நடக்கேல்லை, அது வேற விசயம்.

வவுனியா பல்கலைக்கழகத்தில, அந்தப் பம்பைமடு வெயிலுக்கை நாலு வருசம் அக்கவுண்டிங் படிச்சுப்போட்டு கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி மில்லில கணக்கு வேலைக்குச் சேர்ந்தன். முதல் சம்பளம் 45,000 எண்டு வீட்டில சொல்லி வைச்சிருந்தனான், கையில வந்தது 41,400. அம்மா ரெண்டு தரம் எண்ணிப்போட்டு "மிச்சத்தை எங்கை விட்டனி?" எண்டா. ஈபிஎஃப் அம்மா, ஊழியர் சேமலாப நிதி, பிற்காலத்துக்குச் சேர்க்கிற காசு, என்ர சம்பளத்தில 8 வீதம் வெட்டுவினம், முதலாளி தன்ர பங்குக்கு 12 வீதம் போடுவார், ஈடிஎஃப் எண்ட மற்ற நிதிக்கு 3 வீதம் வேற எண்டு விளங்கப்படுத்தினன். "அப்ப அந்தக் காசையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே?" நாலு வருசப் படிப்பு அந்த இடத்தில முடிஞ்சுது.

சரி, களவுக்கு வருவம். மில்லில வயசுபோன கணக்கப்பிள்ளை ஐயா ஒராள் இருக்கிறார், முழுக்கணக்கும் ஒரு சி.ஆர். கொப்பிக்கை, அந்த மொத்த மட்டைக் கொப்பிதான். மார்ச் 31க்கு முதல் அதை எக்ஸெலில ஏத்தவேணும். காலபோக நெல் வாங்கின பக்கத்தில ஒவ்வொரு வரியிலயும் ஈ. 17, ஈ. 18, ஈ. 19 எண்டு எழுதியிருந்துது, நானும் இன்வொய்ஸ் நம்பர் எண்டு நினைச்சு ஏத்திக்கொண்டே போனன். பாத்தா பதினாலு பேருக்கு ஒரே நம்பர்! அதோட கொப்பியில நெல்லு 20,000 கிலோ, ஸ்ரோரில நிறுத்தா 19,050. 950 கிலோவைக் காணேல்லை. எனக்குக் கை நடுங்குது, ஓடிற்றிங் பாடத்தில படிச்ச மோசடி எல்லாம் கண்ணுக்கு முன்னால வருது, இரவிரவா இருந்து மூண்டு பக்க அறிக்கை ரைப் பண்ணி அடுத்தநாள் முதலாளியின்ர மேசையில வைச்சிட்டன்.

முதலாளி வாசிச்சுப்போட்டு ஒண்டும் பறையேல்லை, ஐயாவைக் கூப்பிட்டு அவரிட்டயே குடுத்திட்டார். ஐயா கண்ணாடியைப் போட்டு ஆறுதலா மூண்டு பக்கமும் வாசிச்சார். நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

"பிள்ளை, ஈ. எண்டா ஈரம்."

ஈரப்பதன் 18 வீதத்தில வாங்கின நெல்லு காயப்போட்டு 14க்கு வந்தாத்தான் ஸ்ரோருக்குப் போகும், அப்ப நிறை குறையாதோ? கல்குலேட்டரை எடுத்தன். சராசரி 18 எண்டே வைச்சா, ஈரம் போக நூறில 82 பங்கு, காய்ஞ்சாப்பிறகு அதுவே நூறில 86 பங்கு; 20,000ஐ 82ஆல பெருக்கி 86ஆல பிரிச்சா 19,070. பெரிய பகிடி என்னண்டா, இப்பிடி வழமையா வாற குறைவுக்குப் பேர்தான் நோர்மல் லொஸ், அதைப் படிப்பிக்கிற கொஸ்ட் அக்கவுண்டிங்கில எனக்கு ஏ. மாங்குளத்தில இருந்து காலமை பஸ்ஸில வரேக்கை ஏ9 றோட்டுக் கரையெல்லாம் சனம் நெல்லுக் காயவிட்டிருக்கிறதை ஜன்னலால பாத்துக்கொண்டுதான் வாறனான், ஒரு நாளாவது என்னத்துக்குக் காய விடுகினம் எண்டு மூளையில பட்டிருக்கலாம்.

ஐயா கோவிக்கேல்லை, தேத்தண்ணி எடுப்பிச்சுத் தந்தார். அது இன்னும் வெக்கமாப் போச்சு. எண்டாலும் படிச்ச பிள்ளை எல்லே, விடேலுமோ.

"ஐயா, அப்பவும் 20 கிலோ இடிக்குதே?"

அவர் நெல்லுக் காயுற தளத்தைக் கையால காட்டினார். ஏழெட்டு மயில், கலியாண வீட்டுப் பந்தியில இருக்கிற மாதிரி ஒருத்தரும் தலை நிமித்தாமல் கொத்துதுகள். மில்லு நாய் பக்கத்தில படுத்திருந்து பாக்குது.

ஐயா கொப்பியை இழுத்து, கடைசி வரியில வடிவான எழுத்தில "மயில் – 20 கிலோ" எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சார். அதை நான் எக்ஸெலில ஏத்தியாச்சு. அடுத்த மாசம் ஓடிற்றர் வருகினமாம்.