யூர்ட்ஸ்கோட் பார்க்கப் போறீங்களா?

சுவீடன் தொடர், 2015. முதல் சீசன் 10 எபிசோட். ஏரிக்கரையில் காணாமல்போன ஏவாவின் மகள் யோசெஃபினின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 7 வருடம் கழித்து, தன் அப்பா இறந்ததும் சில்வர்ஹோய்ட் என்ற காட்டோர ஊருக்குத் திரும்புகிறார் ஏவா. அவரே போலீஸ். அங்கே இப்போது ஒரு சிறுவனையும் காணோம்.

அப்பாவின் கம்பெனி பற்றிய பேச்சை ஓட்டிவிடாதீர்கள். மரம் வெட்டுவதும் சுரங்கமும்தான் ஊருக்கே சோறு போடுகிறது. பலர் வாயைத் திறக்காததற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

சுத்தமான போலீஸ் விசாரணை எதிர்பார்ப்பவர்கள் பாதியில் கழன்றுகொள்வார்கள். காட்டின் பழங்கதைகள் மெல்ல உள்ளே வரும். எனக்கு அதுதான் இதன் உயிர்.

டப்பிங் வேண்டாம், ஸ்வீடிஷ் ஒலியோடு சப்டைட்டில் போடுங்கள். காட்டுக் காட்சிகள் நல்ல இருட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். 2017இல் வந்த இரண்டாவது சீசனை முதலில் தொடாதீர்கள், முடிச்செல்லாம் அவிழ்ந்துவிடும்.