மந்திரியான போலீஸ் ஜெனரலும் எங்கள் இலோயிலோ பயணமும்

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னால் ஆளாளுக்கு மாக்கிலிங் மலையையும் இளநீர் வழுக்கை வைத்துச் சுடும் 'பை' பலகாரத்தையும்தான் எழுதுவீர்கள் என்று தெரியும், அதனால் நான் ஒரு மந்திரியைப் பற்றி எழுதுகிறேன். லியாண்ட்ரோ மென்டோசா. அந்த வருடங்களில் பிலிப்பைன்ஸின் லாஸ் பன்யோஸில் படித்த யாருக்கும் இந்தப் பெயர் முழுதாக மறந்திருக்காது.

நான் போய் இறங்கியது 2001 ஏப்ரலில். ஜீப்னி என்ற அந்த ஊர்ச் சிற்றுந்தை நிறுத்த "பாரா போ" என்று கத்தப் பழகுவதற்குள்ளேயே முன்னாள் ஜனாதிபதி எஸ்ட்ராடாவைக் கைது செய்துவிட்டார்கள், அது 25ஆம் தேதி. அடுத்த வாரம், மே 1 அன்று, அவருடைய ஆதரவாளர் கூட்டம் மணிலாவின் எட்சா சாலையிலிருந்து ஜனாதிபதியின் மலாகன்யாங் மாளிகை வாசலுக்கே போய் முட்டியது. வீட்டுக்கார தீத்தா (அங்கே அத்தை என்று அர்த்தம்) எங்களை வெளியே விடாமல் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். திரையில் அடிக்கடி வந்துபோன போலீஸ் தலைவர்தான் மென்டோசா. அப்போது அவர் அந்தப் பதவிக்கு வந்து சில மாதங்கள்தான். முந்தைய தலைவர் லாக்சன், எஸ்ட்ராடா ஆட்சி விழுந்தபோது போய்விட்டிருந்தார்.

2002 ஜூலையில் பார்த்தால் அதே ஆள் போக்குவரத்து, தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர். அங்கே செயலாளர் என்றால் நம் ஊர்க் கணக்கில் மந்திரி. எனக்கு விசித்திரமாக இருந்தது, தீத்தாவுக்கு இல்லை. பாகியோவில் இருக்கும் ராணுவ அகாடமியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒருவரையொருவர் 'மிஸ்தா' என்று கூப்பிடுவார்கள், அந்தப் பாசம் சாகும்வரை விடாது, ஓய்வுக்குப் பிறகும் எங்கேயாவது ஒரு நாற்காலி இருக்கும் என்றார். மென்டோசாவும் அங்கே படித்தவர்தான். அவர் துறையின் கீழ் வண்டி உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கும் லாஸ்திமோசோ, லோமிபாவோ என்று முன்னாள் போலீஸ் தலைவர்களே தலைமை வகித்தார்கள். நம் சங்கமோ வருடத்துக்கு ஒரு தரம் கூடி, சாப்பிட்டு, கணக்கு வழக்கில் சண்டை போட்டுக் கலைகிறது!

சரி, தலைப்பில் சொன்ன இலோயிலோ பயணத்துக்கு, அதாவது கப்பலுக்கு வருகிறேன். 2003 தொடக்கத்தில் ஜனாதிபதி அரோயோ ஒரு ஆணை போட்டார். அதுவரை தீவுக்குத் தீவு சரக்கு போக வேண்டுமென்றால் துறைமுகத்தில் இறக்கி, கூலி கொடுத்து, கப்பலில் ஏற்றி, அந்தப் பக்கம் மறுபடி இறக்க வேண்டும். ரோ-ரோ கப்பலில் லாரி அப்படியே உள்ளே ஏறி அப்படியே வெளியே இறங்கும், சரக்கில் யாரும் கை வைப்பதில்லை, அப்புறம் எதற்குக் கூலி? அந்தக் கட்டணத்தைத்தான் அந்த ஆணை எடுத்துவிட்டது. யோசனை மென்டோசாவுடையது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் துறையில் நடந்த வேலை.

அப்படி வண்டிகள் ஏறும் கப்பல் பாதையில்தான் ஆய்வகத் தோழனின் ஊரான இலோயிலோவுக்கு நாங்கள் நாலு பேர் போனோம். பட்டங்காஸ் துறைமுகத்தில் பஸ் லாரிகளோடு வரிசையில் நின்று கப்பலின் வயிற்றுக்குள் நுழைந்ததும் நான் பயந்தே போனேன். கலாபானில் இறங்கி, மிண்டோரோ தீவின் கிழக்குக் கரையோரமாக ரோஹாஸ் வரை ஓட்டம், அங்கே மறுபடி கப்பல், விடியும்போது இலோயிலோ இருக்கும் பனாய் தீவின் காத்திக்லான். எதிரே வந்த லாரிகளில் கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையும் வாழைத்தாரும். பூகோளப் புத்தகத்தில் புள்ளி புள்ளியாகப் பார்த்த நாட்டை ஒரே பஸ் டிக்கெட்டில் கடக்க முடிந்ததே என்ற பிரமிப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் மென்டோசா பெயரைச் சொன்னால் பிலிப்பைன்ஸ்காரர்கள் கப்பலைச் சொல்வதில்லை. 2007 ஏப்ரல் 21, சீனாவின் போவாவ் நகரில் இசட்டிஇ என்ற சீனத் தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு 329 மில்லியன் டாலருக்கு அரசு பிராட்பேண்ட் ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டவர் அவர். தொலைத்தொடர்பும் அவர் துறைதானே. லஞ்சப் புகார் கிளம்பி, செனட் விசாரணை வந்து, அக்டோபரில் ஒப்பந்தமே ரத்து. இதில் எனக்குப் பிடித்த கூத்து, கையெழுத்தான பிரதி அங்கேயே திருடு போய்விட்டது என்று அரசுத் தரப்பே சொன்னதுதான். நாட்டின் போலீஸ் தலைவராக இருந்தவர் கையெழுத்திட்ட காகிதம்! ஆய்வகத்தில் ஒரு வாரம் சிரித்தோம்.

2008 ஜூனில் யாரும் சிரிக்கவில்லை. புயலில் பிரின்சஸ் ஆஃப் தி ஸ்டார்ஸ் கப்பல் சிபுயான் தீவருகே கவிழ்ந்து 800க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பெரிய கப்பல் என்பதால் புயல் எச்சரிக்கைக்கு நடுவிலும் புறப்பட விதி இடம் கொடுத்தது. கடலோரக் காவல் படை அவர் துறையின் கீழ்தான் இருந்தது. அந்த விதியை முன்பே மாற்றியிருக்க வேண்டாமா என்ற கோபம் எனக்கு இன்றும் உண்டு.

2010இல் சில மாதம் ஜனாதிபதி அலுவலகத்தின் நிர்வாகச் செயலாளராக இருந்தார். அடுத்த வருடம் பிராட்பேண்ட் விவகாரம் வழக்கானது, அது முடியும் முன்பே 2013 அக்டோபரில் இறந்துவிட்டார். அதே வழக்கில் இருந்த அரோயோ, அவர் கணவர், தேர்தல் ஆணையத் தலைவராக இருந்த ஆபாலோஸ் மூவரையும் 2016இல் நீதிமன்றம் விடுவித்தது. மென்டோசா தரப்பைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஆளே இல்லை.

இலோயிலோ போனபோது கப்பல் மேல்தளத்தில் நாலு பேரும் நின்று எடுத்த படம் ஒன்று இருந்தது, நான் வீடு மாறியபோது தொலைத்துவிட்டேன். உங்களில் யாரிடமாவது இருந்தால் மலர்க் குழுவுக்கு அனுப்பி வையுங்கள், ஓரத்தில் தலைவலித் தைலத்தோடு நிற்பது நான்தான்.