காலையில் எட்டு

நேர்ப்பாதையில் கொஞ்ச தூரம் மட்டும் சீறிப் பாயும் டிராக் ரேஸ் கார்களின் பட்டறையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை டயர். எஞ்சினைத் தொட விடமாட்டார்கள், கியர்பாக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்தாலே துரத்துவார்கள். சரி, டயர்தானே, காற்றடித்து வைத்தால் போதும் என்று நினைத்தேன். சாயங்காலம் பின்சக்கரம் இரண்டிலும் காற்றழுத்தம் 13 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து கேஜை வைத்தால் வலது பக்கம் 9, இடது பக்கம் 8.

பஞ்சர் என்றே முடிவு கட்டினேன். அரை நாள் சோப்புத் தண்ணீர் தெளித்து ஆணியைத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் டயரின் பக்கச் சுவரான சைடுவால் முழுக்க, வியர்வை அரும்புவது போலப் பொடிப் பொடியாக நுரை. பட்டறையின் மூத்த மெக்கானிக் வந்து பார்த்தார். "தம்பி, இது டயர் இல்ல, வடிகட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் எப்போதும் அப்படித்தான், பாதி சொல்வார், மீதியை நாமே முட்டி மோதிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சாலையில் ஓடும் கார் டயரின் உட்புறத்தில் பியூட்டைல் வகை ரப்பரில் ஒரு படலம் இருக்கும். 1937இல் கண்டுபிடித்த ரப்பர் அது. இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு காற்றைப் பிடித்து வைக்கும். பள்ளம் வெட்டாமல் வழவழவென்று இருக்கும் டிராக் ஸ்லிக் டயரில் எடையைக் குறைப்பதற்காக எல்லாவற்றையும் மெலிதாக்கிவிடுகிறார்கள். கிளம்பும் நொடியில் சைடுவால் துணி போல மடிந்து சுருங்க வேண்டும், அப்போதுதான் ரப்பர் தரையில் நீளமாகப் படிந்து பிடிக்கும். அப்படி மடியும் அளவுக்கு மெலிதான சுவரில் காற்று கசியத்தான் செய்யும். ஸ்லிக்கில் ஒரே ராத்திரியில் சில பி.எஸ்.ஐ. இறங்கினால் டயர் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சாலை டயரில் 32க்கு 30 இருந்தால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. இங்கே நாங்கள் ஓட்டுவதே 12, 13 அளவில். அரை பி.எஸ்.ஐ. கூடினால் சக்கரம் வழுக்குகிறது, குறைந்தால் கடைசி நூறு மீட்டரில் கார் அலைபாய்கிறது. இடதும் வலதும் வேறு வேறாக இருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். அதனால் 60 வரை காட்டும் சாதாரண கேஜ் இந்த வேலைக்கு ஆகாது. 15 வரை மட்டும் காட்டும் கேஜ் ஒன்றை வாங்கி, அதை வேறு யாரும் தொடக்கூடாது என்று பூட்டி வைத்தேன். இரண்டு கேஜ் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது? தப்பாகக் காட்டினாலும் எப்போதும் ஒரே கேஜாக இருந்தால் கணக்கு உதைக்காது.

கசியும் சுவரை அடைக்க எல்லோரும் செய்வதுதான், உள்ளே சீலன்ட் திரவம் ஊற்றுவது. ஒரு பக்க பீடை, அதாவது ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பை மட்டும் ரிம்மில் ஏற்றி, திரவத்தை ஊற்றி, மறு பக்கத்தையும் ஏற்றிக் காற்றடிக்க வேண்டும். பிறகு சக்கரத்தை உருட்ட வேண்டும், இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று படுக்கப் போட வேண்டும். சைடுவாலின் உட்புறம் முழுக்க நனைந்தால்தான் பலன். முதல் தடவை நான் தாராளமாக ஊற்றிவிட்டேன். கசிவு நின்றது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. மறுநாள் ஓடிவிட்டு வந்த டிரைவர் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பின்னாடி என்னடா கட்டி வெச்சிருக்க?" மிச்சமிருந்த திரவம் ராத்திரி முழுக்க அடியில் தேங்கி, வேகம் ஏறியதும் சக்கரத்தை உதறவிட்டிருக்கிறது. டயரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியதில் அன்று மதியச் சாப்பாடே மறந்துபோனது.

ட்யூப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு, போடுபவர்களும் உண்டு. சுவர் கசிவுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் எடை கூடும். அதைவிடப் பெரிய தொல்லை, கிளம்பும்போது டயர் ரிம்மின்மேல் கொஞ்சம் சுழன்றுவிட்டால் ட்யூபின் வால்வு வேரோடு பிய்ந்துவிடும். எங்கள் கார் அந்த ரகம். டயருக்கும் ரிம்முக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு ஓட்டச் சொன்னேன். திரும்பி வந்தபோது இரண்டு கோடும் விரலகலம் தள்ளி நின்றன. அப்படிச் சுழலாமல் இருக்க ரிம்மின் விளிம்பு வழியாக பீடில் குத்தும்படி சுற்றிலும் ஸ்குரு அடிப்பார்கள்.

எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஸ்குருதான். சீலன்ட் போட்ட பிறகு வலது சக்கரம் ராத்திரிக்கு ஒன்றரைதான் இறங்கியது. இடது மட்டும் பிடிவாதமாக இரண்டரை. ஒரு பி.எஸ்.ஐ. எங்கே போகிறது? வால்வு பின்னை மாற்றினேன். ரப்பர் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு போட்டேன். ரிம்மில் பீட் உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த பழைய ரப்பரை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். நைட்ரஜன் அடித்துப் பார் என்று ஒருவர் யோசனை சொன்னார். காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், இருந்தாலும் அடித்துப் பார்த்தேன். ஈரமில்லாத காற்று கிடைத்தது, கசிவு அப்படியே இருந்தது.

தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கும்போதெல்லாம் கசிவு நன்றாகத் தெரியட்டும் என்று 25 வரை ஏற்றி வைத்திருந்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. அண்ணன் அந்தப் பக்கம் போனவர், "எத்தனைல ஓடுதோ அத்தனைல பாரு" என்றார். 12க்கு இறக்கி, ரிம் விளிம்பு மட்டும் நனையும்படி சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். ஒரு ஸ்குருவின் தலைக்குப் பக்கத்தில் சின்னக் குமிழ் ஒன்று, நிதானமாக, கொஞ்ச நேரத்துக்கு ஒன்றாக வந்தது. அழுத்தம் அதிகமாக இருக்கும்போது பீட் ரிம்மோடு இறுகி அந்த வழியை மூடிவிடுகிறது, குறையும்போது விட்டுக்கொடுக்கிறது. ஸ்குருவைக் கழற்றிப் பார்த்தால், மற்றவற்றைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். முனை பீடைக் கிழித்துவிட்டிருந்தது. யார் போட்டது என்று விசாரித்தால் நான்தான். ஒன்று தொலைந்துபோனதால் டப்பாவில் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறேன்.

இதற்கப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். சாயங்காலம் எவ்வளவு, காலையில் எவ்வளவு, பட்டறைக்குள் வெப்பம் எவ்வளவு. வெப்பத்தை எழுதாவிட்டால் மற்ற இரண்டும் பொய். 12இல் இருக்கும் டயர் 10 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 1 பி.எஸ்.ஐ. கூடும். வெயில் படும் பக்கத்து டயரும் நிழல் பக்கத்து டயரும் ஒரே கார்தான், ஆனால் ஒரே அழுத்தம் இல்லை. வரிசையில் நிற்கும்போது வெயில் பக்கத்து டயர்மேல் வெள்ளைத் துணி போர்த்துகிறேன், பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். வேலை இல்லாத நாட்களில் காரை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றிவிடுகிறேன். காற்று இறங்கிய ஸ்லிக்கின்மேல் பாரம் உட்கார்ந்தால் சுவர் மடிப்பு விழும், பீடும் ரிம்மை விட்டு விலகும்.

நோட்டைப் பார்த்துத்தான் இப்போது சக்கரங்களை ஜோடி சேர்க்கிறேன். ஒன்றரை இறங்குவதோடு ஒன்றரை, இரண்டு இறங்குவதோடு இரண்டு. ஒரே வேகத்தில் இறங்கும் ஜோடியாக இருந்தால் ஓடுவதற்கு முன் இரண்டிலும் ஒரே அளவு ஏற்றினால் போதும், வரிசையில் எவ்வளவு நேரம் காக்க வைத்தாலும் கவலையில்லை. ஒரு ரிம் மட்டும் எதோடும் சேரவில்லை. மூன்று இறங்குகிறது, வெல்டிங் ஓரத்தில் எங்கேயோ வழி இருக்கிறது. சிலிக்கான் பசை இரண்டு சுற்று பூசியாகிவிட்டது. அதில் பழைய டயரை மாட்டி, காரை டிரெய்லரில் ஏற்றி இறக்க மட்டும் வைத்திருக்கிறோம். ஏற்றுவதற்கு முன் அதற்கு மட்டும் தனியாக ஒரு தடவை கம்ப்ரஸரை ஓட்ட வேண்டியிருக்கிறது.