தலைச் செதிலும் அலர்ஜியும்: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

டிசம்பர் 11, 2024

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. வேலந்தாவளம் பக்கமிருந்து கிளம்பித் தென்னை மட்டைகளை உலுக்கிக்கொண்டு பகலெல்லாம் வீசுகிறது. ஊரில் எல்லோருக்கும் உதடும் குதிகாலும் வெடிக்கின்றன; எனக்குத் தலையும் சேர்ந்து வெடிக்கிறது. காதுக்குப் பின்னால் கிடந்த தடிப்பு, முடியோரம் தாண்டி நெற்றியில் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. சீப்பு பட்டால் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக வருகிறது. பெயர்ந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ரத்தப் பொட்டு. வெறும் பொடுகு இப்படி இருக்காது.

டிசம்பர் 15

பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். "இது அலர்ஜிதான் கண்ணு. கத்தரிக்காய், கருவாடு, கடலை மூன்றையும் நிறுத்திப் பார்." அக்கறையில் சொல்கிறார், தெரியும். ஆனால் நிறுத்தப்போவதில்லை. ஒன்றைத் தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி உடம்பு தடித்தால் அதைச் சந்தேகிக்கலாம். என் தலையோ கருவாடு தின்ற வாரமும் தின்னாத வாரமும் ஒரே மாதிரிதான் செதிலைக் கொட்டுகிறது. என்னைப் போலச் செதில் கொட்டுகிறவர்கள் ஊர்ச்சொல் கேட்டு ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசஞ்சோற்றில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மனம் பதறுகிறது.

டிசம்பர் 27

பள்ளி விடுமுறை. கோவையில் தோல் மருத்துவரைப் பார்த்தேன். சோரியாசிஸ், சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பது.

தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் சில நாட்களிலேயே மேலே வந்து குவிந்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டப்படுவதுதான் காரணம். இன்டர்லூகின் 17, 23 என்ற புரதங்களுக்கு அதில் பெரிய பங்கு. தும்மல், மூக்கொழுகல் அலர்ஜிக்கு வழி வேறு, அங்கே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம். அதனால்தான் அலர்ஜி மாத்திரை விழுங்கினால் தூக்கம் வருகிறதே தவிரச் செதில் குறைவதில்லை.

அத்தோடு விட்டுவிடாமல் மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். தொண்டைப் புண் வந்ததா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டா? தலைக்குச் சாயம் போடுகிறீர்களா? போட்ட மறுநாள் அரிப்பு கூடுகிறதா, கண்ணிமை வீங்குகிறதா? கடைசி இரண்டுக்கும் ஆமாம் என்றேன். சோரியாசிஸ் உள்ள தோலில் சிராய்ப்போ அழற்சியோ ஏற்பட்டால் அந்த இடத்திலேயே புதுப் படை கிளம்பலாமாம். கோப்னர் விளைவு என்று பெயர். அலர்ஜி இந்த நோயாக மாறாது, ஆனால் இதைக் கிளறிவிட முடியும். இத்தனை நாள் யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை.

ஜனவரி 6, 2025

எந்தப் பொருள் அலர்ஜி தருகிறது என்று கண்டுபிடிக்க முதுகில் ஒட்டுச் சோதனை. சின்னச் சின்ன அலுமினியக் குழிகளில் ஒவ்வொரு பொருளாக வைத்து, வரிசையாகப் பிளாஸ்திரி போட்டு, ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எண் குறித்தார்கள். முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. அம்மா ஈரத்துணியால் கை கால் மட்டும் துடைத்துவிட்டார்.

ஜனவரி 8

பிளாஸ்திரியை எடுத்தாயிற்று. ஒரு கட்டம் சிவந்திருக்கிறது. நாளை மறுநாள்தான் முடிவு.

ஜனவரி 10

சிவந்த கட்டத்தில் இன்று பொடிக் கொப்புளங்கள். பாரா-ஃபீனைலின்டைஅமின்: தலைச்சாயத்துக்குக் கறுப்பைக் கொடுக்கும் அதே பொருள். வாசனைப் பொருள், ஷாம்புவில் சேர்க்கும் கெடாப்பொருள் எல்லாம் சும்மா கிடக்கின்றன. "சாயத்தை விட்டால் கிளறல் நிற்கும், சோரியாசிஸ் போய்விடாது" என்று மருத்துவர் பட்டென்று சொன்னார். பொய் நம்பிக்கை தராத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 2

இரவில் சாலிசிலிக் அமிலக் களிம்பு தடவிச் செதிலை ஊறவிடுகிறேன். காலையில் நிலக்கரித் தார் கலந்த ஷாம்பு; போட்டதும் அலசாமல் சில நிமிடம் வைத்திருக்க வேண்டும். பிறகு முடியை வகிடு வகிடாகப் பிரித்து ஸ்டீராய்டு லோஷன். முடியில் வழிந்தால் வீண், தோலில் படவேண்டும். தனியாளாகப் பின்மண்டைக்குப் போடவே முடியாது, அம்மாதான் போட்டுவிடுகிறார். இப்போது லோஷனை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தாயிற்று.

அம்மா தம் பங்குக்கு வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தார். பச்சை இலை, நிறமற்ற எண்ணெய். வெயில் ஏற ஏற எண்ணெய் கருநீலமாகி, வெளிச்சத்தில் ஊதா அடிக்கிறது. மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே தொட்டேன். செதில் இளகுகிறது, தலையணை உறை ஊதாவாகிவிட்டது.

காற்று இன்னும் ஓயவில்லை, படையும் முழுதாக அடங்கவில்லை. நெற்றியில் இறங்கியது மட்டும் பின்வாங்கியிருக்கிறது. காலையில் விரல் மூட்டு இறுகினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்; இந்த நோய் சிலருக்கு மூட்டிலும் இறங்கும்.

பிப்ரவரி 9

பக்கத்து வீட்டு அக்கா மகளுக்குக் கல்யாணம். "நரையோடா வருவாய்? இது வெறும் மருதாணிதான்" என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் அதே பாரா-ஃபீனைலின்டைஅமின். விரல் வைத்துக் காட்டினேன். தம் பையனும் இதைத்தான் போடுகிறான் என்று அக்கா அதிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அவனுக்கு அரிப்பு உண்டா என்று கேட்டுச் சொல்லும்படி அனுப்பியிருக்கிறேன்.