சச்சினின் 51 சதங்களைத் தண்டு-இலை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன்

தண்டு-இலை வரைபடம் நன்றாகப் பிடிபட வேண்டுமென்றால், மனசுக்குப் பழக்கமான எண்களை எடுத்துக்கொள்வதுதான் நல்லது. நான் எடுத்தது சச்சின் டெண்டுல்கரின் டெஸ்ட் சதங்கள். 1990இல் ஓல்ட் டிராஃபோர்டில் அடித்த 119 தொடங்கி 2011இல் கேப்டவுனில் அடித்த 146 வரை மொத்தம் 51.

கடைசி இலக்கம் இலை, அதற்கு முன்னால் இருப்பது தண்டு. சேப்பாக்கத்தில் 1993இல் அடித்த 165க்குத் தண்டு 16, இலை 5. தண்டுகளை மேலிருந்து கீழாக எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். முதலில் அவர் ஆடிய வரிசையிலேயே இலைகளை அந்தந்த வரியில் சேர்த்தேன். அப்புறம் இன்னொரு பக்கத்தில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டு இதற்கு ரொம்ப வசதி. ஒரு கட்டத்துக்கு ஓர் இலை என்று எழுதினால்தான் வரியின் நீளமே எண்ணிக்கையைக் காட்டும்.

10 | 0 0 1 3 3 4 5 6 9 9
11 | 1 1 3 4 6 7 9
12 | 2 2 2 4 6 6
13 | 6 9
14 | 2 3 3 6 8 8
15 | 3 4 5 5
16 | 0 5 9
17 | 6 6 7 7 9
18 |
19 | 3 4
20 | 1 3
21 | 4 7
22 |
23 |
24 | 1 8

(10 | 4 என்றால் 104 ரன்)

18, 22, 23 வரிகளில் இலையே இல்லை. ஆனாலும் அவற்றை விட்டுவிடக் கூடாது. விட்டால் 179க்கும் 193க்கும் நடுவில் உள்ள இடைவெளி மறைந்துவிடும். இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நட்ட நடுவில் வரும் எண்ணைக் கண்டுபிடிக்கத் தனியாக அடுக்க வேண்டிய வேலையும் இல்லை. மேலிருந்து 26ஆவது இலைவரை எண்ணினேன், 142 வந்தது.

எனக்கு இந்தப் படம் பிடித்துப்போனதற்குக் காரணம், இதில் எந்த எண்ணும் காணாமல் போவதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை எண்கள் என்பதைச் செவ்வகத்தின் உயரத்தால் காட்டும் நிகழ்வுச் செவ்வகம் (histogram) வரைந்திருந்தால் '190களில் இரண்டு' என்பதோடு நின்றிருக்கும். இங்கே 194 அப்படியே இருக்கிறது. பார்த்ததும் 2004 முல்தான் டெஸ்டில் சச்சின் 194இல் நிற்கும்போதே டிராவிட் டிக்ளேர் செய்தது நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆட்டமிழக்காமல் எடுத்த ரன்களை இந்தப் படம் பிரித்துக் காட்டாது. அந்த இலைகளைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன்.

அடுத்து, தண்டை நடுவில் வைத்து இடப்பக்கம் இந்தியாவில் அடித்தவை 22, வலப்பக்கம் வெளிநாட்டில் அடித்தவை 29 என்று பிரித்தேன். மேல் மூன்று வரிகள் மட்டும் இங்கே:

9 9 6 3 3 0 0 | 10 | 1 4 5
              | 11 | 1 1 3 4 6 7 9
        6 6 2 | 12 | 2 2 4

110களில் உள்ள ஏழுமே வெளிநாட்டில்! ஜோகன்னஸ்பர்க், செஞ்சூரியன், வெலிங்டன், பெர்த், மெல்போர்ன், போர்ட் ஆஃப் ஸ்பெயின், ஓல்ட் டிராஃபோர்ட். தற்செயலாகவும் இருக்கலாம், இதை வைத்து நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் இத்தனை வருஷம் இந்தப் பட்டியலைப் பார்த்தும் இது கண்ணில் பட்டதே இல்லை.

இனி ஒரு பக்கம் சச்சின், மறுபக்கம் சேவாக். முல்தானில் அதே டெஸ்டில் சேவாக் அடித்த 309, 2008இல் சேப்பாக்கத்தில் அடித்த 319 இரண்டுக்கும் இடம் வேண்டுமானால் தண்டு 31 வரை போக வேண்டும். நோட்டில் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.