பழைய ரேடியோ கண்ட்ரோல் செய்முறைகள்: ஸ்கேன் எடுத்தால் மட்டும் போதாது

1950, 60-களில் மாடல் விமானம் பறக்கவிட்டவர்களில் பலர் ட்ரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டையும் வீட்டிலேயே செய்தார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் மாடலிங் பத்திரிகைகள் சர்க்யூட், பிசிபி (செம்புத் தடம் கொண்ட போர்டு) படம், காயில் அளவு, ட்யூனிங் முறை என்று எல்லாவற்றையும் அச்சிட்டன. 1965-ல் ஆர்சிஎம் (ஆர்/சி மாடலர்) என்ற அமெரிக்கப் பத்திரிகையில் எட் தாம்ப்சன் தொடராக எழுதிய டிஜிட்ரியோ செய்முறையைப் பார்த்து, டிஜிட்டல் ப்ரொப்போர்ஷனல் (குச்சியை நகர்த்தும் அளவுக்கே விமானத்தின் பாகமும் நகரும்) செட் முழுவதையும் கட்டி முடித்தவர்கள் உண்டு. அந்தக் காகிதங்கள் இப்போது பழுத்து, மடிப்பில் கிழிந்துகொண்டிருக்கின்றன. ஸ்கேன் எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்த ஃபைலை வைத்து இன்று ஒருவர் ரிசீவர் செய்ய உட்கார்ந்தால், பாதியில் சிக்கிக்கொள்கிறார்.

முதல் வில்லன் தசமப் புள்ளி. அமெரிக்கச் சர்க்யூட்களில் கெப்பாசிட்டர் மதிப்பை முன்னால் பூஜ்யம் இல்லாமல் .05 என்றுதான் போடுவார்கள். கறுப்பு-வெள்ளை மோடில் ஸ்கேன் எடுத்தால் அந்தப் புள்ளி தூசியோடு தூசியாகப் போய்விடும். 4.7 கே ரெசிஸ்டர் 47 கே ஆகிவிடும். அதனால் கிரேஸ்கேல், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்று எடுங்கள். மூலப்பிரதியை டிஃப் ஆகவோ பிஎன்ஜி ஆகவோ வையுங்கள். ஜேபெக் மெல்லிய கோடுகளைச் சுற்றி அழுக்குப் படிய வைக்கும். ஃபைலைச் சிறிதாக்க ஜேபிக்2 சுருக்கத்தை நம்பவே கூடாது; ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை அது ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போட்டுவிடக்கூடும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்களில் சில 6-கள் 8 ஆக மாறி வந்தது 2013-ல் தெரியவந்தது; அதற்குக் காரணம் இதுதான். சர்க்யூட் படத்தில் அப்படி நடந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. பின்பக்க அச்சு தெரியாமலிருக்கத் தாளுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் வையுங்கள்.

பிசிபி படம் ‘முழு அளவு’ என்று அச்சாகியிருந்தாலும், பைண்டிங் ஓரத்தில் தாள் வளைந்தால் அளவு போச்சு. ஜெராக்ஸ் பிரதி என்றால் ஏற்கெனவே ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கியிருக்கும். 3 அங்குல போர்டில் 2 சதவீதம் என்றால் 0.06 அங்குலம், ஓட்டைகள் பொருந்தாது. ஸ்கேனர் கண்ணாடியில் படத்தின் பக்கத்தில் 6 அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை வைத்து, இரண்டையும் சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். 600 டிபிஐயில் அது 3600 பிக்ஸல் வர வேண்டும். பிறகு பிரிண்ட் எடுப்பவர் பக்கத்துக்குப் பொருத்தும் வசதியை மறந்துபோய் அழுத்தினாலும், ஸ்கேலை அளந்து கண்டுபிடித்துவிடுவார். படம் செம்புப் பக்கத்திலிருந்து பார்ப்பதா, பாகங்கள் பக்கத்திலிருந்தா என்பதையும் குறித்துவிடுங்கள். கண்ணாடிப் பிம்பமாக எட்ச் செய்யப்பட்ட போர்டு குப்பைக்குத்தான்.

திருத்தங்கள் தனிக் கதை. கட்டுரை வந்த ஓரிரு மாதத்தில் ‘படத்தில் டயோடு தலைகீழாக இருக்கிறது’ என்று வேறொரு இதழின் மூலையில் நாலு வரி வந்திருக்கும். கட்டுரையை மட்டும் கிழித்து வைத்தவர்களிடம் அது இருக்காது. அடுத்த ஆறு மாத இதழ்களையாவது புரட்டி, வாசகர் கடிதங்கள் உட்படப் பார்த்து, கிடைத்த திருத்தத்தை ஃபைலின் முதல் பக்கமாகவே சேர்த்துவிடுங்கள். மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். கைகேட் மாதிரி சர்க்யூட் வரையும் மென்பொருளில் மறுபடி வரைந்தால், எங்கெங்கே மாற்றினீர்கள் என்று பட்டியல் போட்டுத் தனி ஃபைலாக வையுங்கள்.

நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் காயில்தான். ரெசிஸ்டர் மதிப்பு அழிந்துபோனால் ஊகிக்கலாம். காயிலை ஊகிக்க முடியாது. ‘22 கேஜ் கம்பி, 10 சுற்று, 3/8 அங்குலம், நெருக்கமாக’ என்று மட்டும் எழுதியிருக்கும். பிரிட்டிஷ் கட்டுரை என்றால் அது எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கம்பி அளவு, 0.71 மி.மீ. அமெரிக்கக் கட்டுரை என்றால் ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க அளவு, 0.64 மி.மீ. இது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மெல்லிய கம்பியில் காயிலின் நீளம் 7.1 மி.மீ.யிலிருந்து 6.4 ஆகக் குறைகிறது, இண்டக்டன்ஸ் சுமார் 6 சதவீதம் ஏறுகிறது, 27 மெகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய சர்க்யூட் 26.2-க்கு இறங்கிவிடுகிறது. ரேடியோ கண்ட்ரோலுக்கான சேனல்கள் 26.995-லிருந்து 27.255 வரை, மொத்தமே 0.26 மெகாஹெர்ட்ஸ் அகலம். ட்ரிம்மரை (திருகி மதிப்பை மாற்றும் சின்ன கெப்பாசிட்டர்) திருகிச் சமாளிக்கலாம், அதுவும் ட்ரிம்மரில் இடம் இருந்தால்.

ஆகவே கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எழுதுங்கள். சுற்று எண்ணிக்கை, ஃபார்மரின் (கம்பியைச் சுற்றும் உருளை) விட்டம், சுற்றிய நீளம், உள்ளே டஸ்ட் கோர் (இரும்புத் தூள் கட்டை) உண்டா, டேப் (சுற்றின் நடுவில் எடுக்கும் இணைப்பு) எந்த முனையிலிருந்து எத்தனையாவது சுற்றில் என்பதும் வேண்டும். அந்தக் காலத்து செட் ஒன்று கையில் கிடைத்தால் காயிலை அவிழ்க்காமல் எல்சிஆர் மீட்டரில் (இண்டக்டன்ஸ் அளக்கும் கருவி) அளந்து எழுதிவிடுங்கள். சரிபார்க்க எளிய வழி உண்டு: 27 மெகாஹெர்ட்ஸுக்கு மைக்ரோஹென்றியையும் பைக்கோஃபாரடையும் பெருக்கினால் 34.7 வர வேண்டும். அரை மைக்ரோஹென்றி என்றால் 70 பைக்கோஃபாரட் சுமாருக்கு. கெப்பாசிட்டரில் ‘எம்எம்எஃப்’ என்று பார்த்தால் பைக்கோஃபாரட் என்றே படியுங்கள்.

ட்யூனிங் பத்தியில் எழுதாமல் விட்டவை நிறைய. சூப்பர் ரீஜெனரேடிவ் ரிசீவரில் (சிக்னல் இல்லாதபோது தானாகவே இரையும் எளிய வகை) ‘இரைச்சல் உச்சத்துக்கு வரும்வரை திருகவும்’ என்பார்கள். எழுதியவர் மனதில் இருந்தது 2000 ஓம் ஹெட்போன். இன்றைய 32 ஓம் இயர்போனை அதே இடத்தில் மாட்டினால் சர்க்யூட்டை அமுக்கிவிடும், இரைச்சலே கேட்காது. ரிசீவர் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ரிலேவுக்கும் இதே நிலைமைதான். காயில் எத்தனை ஓம், எத்தனை மில்லிஆம்பியரில் இழுக்கும், எதில் விடும் என்ற மூன்றும் இல்லாவிட்டால் மாற்று தேட முடியாது. 45 வோல்ட் பேட்டரி கேட்டால் ஐந்து 9 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்துக்கொள்ளலாம் என்பதையும் ஓரத்தில் எழுதிவிடலாம்.

ட்ரான்சிஸ்டர் காலத்துக்கு வந்தால் ஓசி71 மாதிரி ஜெர்மானியம் இருந்த இடத்தில் சிலிக்கான் பிஎன்பியை அப்படியே போட்டால் வேலை செய்யாது. ஜெர்மானியத்துக்கு 0.2 வோல்ட் பயாஸ் போதும், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும், பேஸ் ரெசிஸ்டரை மாற்றாவிட்டால் அது திறக்கவே திறக்காது. மாற்றிப் போட்டு ஓடிய மதிப்பைக் குறித்து வைத்தால் அடுத்தவருக்கு ஒரு வாரம் மிச்சம். பழைய செட்டில் ஏஎஃப்117 குடும்பத்து ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் இருந்தால், உலோக மூடிக்குள் வெள்ளீய மயிரிழைகள் வளர்ந்து ஷார்ட் ஆகியிருக்கும் வாய்ப்பு அதிகம். நான்காவது கால், அதாவது ஷீல்டு காலை வெட்டிவிட்டால் சிலது உயிர் பெறும். அளப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பழுதான செட்டில் எடுத்த வோல்டேஜைக் கட்டுரையோடு சேர்த்தால் அது பின்னால் வருபவரைத் தவறான வழியில் அனுப்பும்.

ஆரம்பகால டிஜிட்டல் செட்களில் சர்வோவுக்கு (விமானத்தின் பாகங்களை அசைக்கும் மோட்டார் பெட்டி) நான்கு வயர் இருந்தால் நான்காவது 4.8 வோல்ட் பேட்டரியின் நடுவிலிருந்து வரும் 2.4 வோல்ட். வயர் நிறங்கள் செட்டுக்கு செட் மாறும், ஆகவே கறுப்பு-வெள்ளைப் படத்தோடு நிறப் பெயர்களையும் எழுத்தாகவே பதியுங்கள்.