டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறை

போன வாரம் நான் ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தேன். மொத்தம் இரண்டு நிமிடம் ஆயிற்று, அதில் பாதி பேனா தேடியதில் போனது.

அக்கா ஒரு பழைய வழக்கைப் பற்றிய காணொளியைப் போட்டாள். விசாரணை முடிந்து ஜூரிகள் எழுந்து உள்ளே போகிற இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டு, "சரி, இப்போ நீதான் ஜூரி. என்ன முடிவு, எதை வச்சு முடிவு, எழுதிக் குடு" என்றாள். அவள் ஏற்கெனவே முழுதும் பார்த்தவள் என்பது எனக்குத் தெரியாது.

லிண்டி சேம்பர்லெய்ன் வழக்கு அது. 1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் நடு மத்தியில் உலுரு என்கிற பெரும்பாறைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் முகாம் போட்டிருக்கிறது. ஒன்பது வாரக் குழந்தை அசாரியா கூடாரத்துக்குள் தூங்குகிறது. அம்மா கொஞ்சம் தள்ளி, மற்றவர்கள் சமைத்துக்கொண்டிருந்த இடத்தில் இருக்கிறார். கூடாரத்தைப் பார்க்கப் போனவர், டிங்கோ என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று கத்துகிறார். டிங்கோ என்றால் அந்த ஊர்க் காட்டுநாய். உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து ரத்தக்கறை படிந்த துணிகள் மட்டும் கிடைத்தன. முதலில் நடந்த மரண விசாரணை, நாய்தான் தூக்கிக்கொண்டு போனது என்று முடிந்தது. அப்புறம் புதிய தடயவியல் அறிக்கைகள் வந்தன, 1982இல் டார்வின் நகரில் அது கொலை வழக்காகிவிட்டது. அந்த அம்மா கண்ணில் படாமல் இருந்த பத்து நிமிடத்துக்குள் காரின் முன் இருக்கையில் வைத்துக் குழந்தையின் கழுத்தை அறுத்துவிட்டார், அனேகமாகக் கத்தரிக்கோலால், என்பது அரசுத் தரப்பு சொன்ன கதை.

என் காகிதத்தில் இருந்தவை: காருக்குள் ரத்தம், அதுவும் பச்சைக் குழந்தைகளிடம் மட்டும் அதிகமாகக் காணப்படும் ஹீமோகுளோபின் வகை என்று நிபுணர் சாட்சி. டாஷ்போர்டுக்கு அடியில் பீய்ச்சி அடித்த மாதிரி ஒரு கறை. துணியில் இருந்த வெட்டு கத்தரிக்கோல் வெட்டு மாதிரி நேராக இருந்தது. துணியில் நாயின் எச்சில் இல்லை. குழந்தைக்கு மேலே ஒரு சின்னச் சட்டை போட்டுவிட்டிருந்தேன் என்று அம்மா சொல்கிறார், அப்படி ஒரு சட்டையே கிடைக்கவில்லை. கடைசியாக, இதை எழுத இப்போது கூசுகிறது, 'டிவியில் அழவே இல்லை'. கீழே 'குற்றவாளி' என்று எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

உண்மையான ஜூரியும் அதையேதான் சொன்னது. 1982 அக்டோபர் 29, கடின உழைப்புடன் ஆயுள் தண்டனை. அவர் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி, அடுத்த குழந்தை பிறந்தது சிறைக்காவலில் இருந்தபோது.

அக்கா மறுபடி ஓடவிட்டாள்.

டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த அந்தக் கறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அது ரத்தமே இல்லை. சத்தம் குறைவதற்காகக் காரைத் தயாரிக்கும்போதே தொழிற்சாலையில் அடித்த ஒரு பூச்சு. அந்த இடத்துக்குப் பூச்சு கொஞ்சம் சிதறியிருக்கிறது. அதே மாடல் வேறு கார்களிலும் அதே இடத்தில் அதே சிதறல் இருந்தது. ஒரு கொலையின் கையெழுத்து என்று நீதிமன்றத்தில் காட்டியது, குழந்தை பிறப்பதற்கு முன்பே அந்தக் காரில் இருந்திருக்கிறது. மற்ற இடங்களில் ரத்தம் என்று காட்டிய வேதிச் சோதனைக்கும் ஒரு கோளாறு உண்டு: தாமிரத் தூசி பட்டாலும் அது ரத்தம் மாதிரியே நிறம் மாறும். குடும்பம் வாழ்ந்த ஊர் மவுண்ட் ஐசா, தாமிரச் சுரங்க ஊர்.

சட்டைக்கு வருவோம். 1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்துவிட்ட ஒரு சுற்றுலாப் பயணியின் உடலைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் டிங்கோ குகைகள் உள்ள பகுதியில் ஒரு குழந்தைச் சட்டையைக் கண்டெடுத்தார்கள். அம்மா முதல் நாளிலிருந்து சொன்ன அதே சட்டை. உள்ளே இருந்த துணியில் நாயின் எச்சில் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருந்தது. ஐந்து நாளில் அவரை வெளியே விட்டார்கள். தண்டனை ரத்தானது 1988இல். இறப்புக்குக் காரணம் டிங்கோ என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்ய 2012 ஆயிற்று, அதாவது 32 வருடம்.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அந்தக் காகிதத்தை வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தகவல் தப்பு, அதனால் முடிவு தப்பு என்று எளிதாகத் தப்பித்துவிடலாம்தான். ஆனால் 'அழவே இல்லை' என்பது தப்பான தகவல் இல்லையே, அவர் நிஜமாகவே டிவியில் அதிகம் அழவில்லை. அந்த வரியை எழுதும்போது நான் என்ன செய்தேன் என்று யோசித்தால், முதலில் அவர் கொன்றார் என்று வைத்துக்கொண்டு, அழாததை அதற்குப் பொருத்திவிட்டேன். திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்: இவர் நிரபராதி என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அழாமல் இருக்க முடியுமா? தாராளமாக முடியும். அதிர்ச்சியில் உறைந்தவர்கள், பிறத்தியார் முன்னால் அழாதவர்கள், பேட்டி கொடுத்துக் கொடுத்து மரத்துப்போனவர்கள் என்று எத்தனையோ பேர். இரண்டு கதைக்கும் ஒரே மாதிரி பொருந்துகிற சங்கதிக்கு எடையே கிடையாது. அழுதிருந்தால் மட்டும் விட்டிருப்போமா, 'என்னமா நடிக்கிறா' என்றிருப்போம். அப்போது வெளியே ஓடிய வதந்திகள் இன்னும் மோசம்: அசாரியா என்ற பெயருக்கு 'வனாந்தரத்தில் பலி' என்று அர்த்தமாம், குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டாராம். பெயருக்கு அப்படி ஒரு அர்த்தமே இல்லை. கறுப்பு உடை போட்டது நிஜம், அதனால் என்ன?

நிரபராதி என்ற அனுமானத்தை நான் இத்தனை நாளும் ஒருவித இரக்கம் என்று நினைத்திருந்தேன், பாவம் போனால் போகட்டும் என்கிற மாதிரி. அது கேள்வியை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்ற விஷயம், அவ்வளவுதான். நிரபராதி என்று தொடங்கி, அந்தக் கதை எந்தச் சாட்சியத்தில் உடைகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். எங்குமே உடையவில்லை என்றால் வழக்கு இல்லை. மனைவியைச் சுட்டதாக வந்த ஒரு வழக்கில், கை தவறிச் சுட்டது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும் என்ற ரீதியில் நீதிபதி ஜூரிக்குச் சொல்லப்போய், 1935இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதுதான், அந்தத் தண்டனையையே ரத்து செய்தது. வூல்மிங்டன் வழக்கு. நிரூபிக்கிற பாரம் அரசுத் தரப்பின் தலையில்.

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் சூழ்நிலைச் சாட்சியமே வேண்டாம், கண்ணால் பார்த்தவன் வந்தால்தான் தண்டனை என்று யாராவது கிளம்பினால் நான் அந்தக் கட்சி இல்லை. பார்த்தேன் என்று சொல்கிறவன் இருட்டில் ஆள் மாறிச் சொல்லலாம், பகையில் சொல்லலாம், கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சியாகலாம். கைரேகையும் டிஎன்ஏவும்கூட சூழ்நிலைச் சாட்சியம்தான், பலருக்கு இது தெரிவதில்லை. கத்தியில் அவன் ரேகை இருந்தால் அவன் கத்தியைத் தொட்டான் என்று தெரிகிறது. குத்தினான் என்பது நாம் போய்ச் சேர்கிற முடிவு. ஆளில்லாத இடத்தில், சாட்சி வைத்துக்கொள்ளாமல் நடக்கிற கொலைகளுக்கு வேறு வழியும் கிடையாது.

இதை எப்படி எடை போடுவது என்பதற்கு இரண்டு உவமை வைத்திருக்கிறார்கள். இந்திய நீதிமன்றங்கள் எப்போதும் சங்கிலி என்றுதான் சொல்லும், ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வழக்கு போச்சு. இங்கிலாந்தில் 1866இலேயே பொல்லாக் என்ற நீதிபதி, சங்கிலி இல்லை, கயிறு என்றார்: ஒற்றை இழை தாங்காது, மூன்றை முறுக்கினால் தாங்கும். எனக்குக் கயிறு பிடித்திருந்தது. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, இழைகள் நிஜமாகவே தனித்தனி இழைகளாக இருக்க வேண்டும். என் காகிதத்தில் ரத்தம் ஒன்று, டாஷ்போர்டுக் கறை ஒன்று என்று தனித்தனியாக எண்ணினேன். இரண்டும் ஒரே காரிலிருந்து, ஒரே ஆய்வகத்து மேசையிலிருந்து வந்தவை. அங்கே ஒரு தப்பு நடந்தால் இரண்டும் சேர்ந்து போகும். ஒரே இழையை மடித்து மடித்துக் காட்டிக் கயிறு என்று நம்பியிருக்கிறேன். 1984இல் ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் லிண்டியின் மேல்முறையீடு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. ஐந்தில் இரண்டு நீதிபதிகள் இந்தத் தண்டனை நிற்காது என்று எழுதியும் அவர் சிறையிலேயே இருந்தார்.

அதே 1984இல்தான் இந்திய உச்ச நீதிமன்றத்தின் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பும் வந்தது. மனைவிக்கு விஷம் கொடுத்ததாகக் கீழ்நீதிமன்றம் தூக்கு கொடுத்து, மும்பை உயர் நீதிமன்றமும் உறுதி செய்த கணவர் விடுதலையானார். சூழ்நிலைச் சாட்சிய வழக்கு என்றால் இன்றுவரை வக்கீல்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். அதில் எனக்குப் பிடித்தது, 'இருக்கலாம்' என்பதும் 'இருந்தே ஆக வேண்டும்' என்பதும் வேறு வேறு என்று அழுத்திச் சொல்கிற இடம். நாம் பேசும்போது 'அவன்தான் பண்ணியிருப்பான்' என்கிறோமே, அந்த '-இருப்பான்' இரண்டுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போகிற விகுதி. ஊகமாகத்தான் தொடங்குகிறது, சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பாகிவிடுகிறது. இன்னொன்றும் அதில் உண்டு: குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன விளக்கம் பொய்யென்றே தெரிந்தாலும், அறுந்த சங்கிலியை அந்தப் பொய்யை வைத்து ஒட்டவைக்க முடியாது. மற்ற கண்ணிகள் முழுசாக இருந்தால் அது கூடுதலாகச் சேரும், அவ்வளவே. கள்ளத்தொடர்பை மறைக்க, கடனை மறைக்க, வெறும் பயத்தில் என்று பொய் சொல்லக் காரணமா இல்லை.

பேப்பரில் வருகிற 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்ற வரிதான் எனக்கு ஆகவே ஆகாது. நீதிபதி ஏதோ கை நிறையக் கொடுத்து அனுப்பிய மாதிரி, ஆள் குற்றவாளிதான் ஆனாலும் தப்பித்தான் என்ற மாதிரி ஒரு வாடை அதில் அடிக்கிறது. அதற்காக இந்த ஏற்பாட்டுக்கு விலையே இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. நிஜமாகவே கொன்றவர்கள் இதே வாசல் வழியாக வெளியே வருகிறார்கள், செத்தவரின் அம்மாவிடம் போய் 'இருக்கலாம் வேறு, இருந்தே ஆக வேண்டும் வேறு' என்று விளக்க எனக்குத் தைரியம் கிடையாது. இருந்தும் தெரிந்தே ஒரு பக்கம் தவறலாம் என்றால் இந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். அக்கா இதில் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

காணொளி முடிந்ததும் அவள் என் காகிதத்தை வாங்கிப் படித்தாள். "ஏன்டா, கொலை பண்ண என்ன காரணம்னு அரசு வக்கீலே சொல்லலியே, அது எங்க?" என்றாள். எழுதவில்லை. "அந்தம்மா சமைக்கிற இடத்துக்குத் திரும்பி வந்தப்புறம் கூடாரத்துல குழந்தை அழுற சத்தம் கேட்டுச்சுன்னு பக்கத்துல இருந்த இன்னொரு பொண்ணு சாட்சி சொன்னாளே?" கொலை முடிந்துவிட்டதாக அரசுத் தரப்பு சொன்ன நேரத்துக்கு அப்புறம் கேட்ட அழுகை. காணொளியின் முதல் பாதியிலேயே அது வந்தது, நானும் கேட்டேன். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அங்கே பேனா எழுதுகிறதா என்று நான் கிறுக்கிப் பார்த்தது மட்டும் இருந்தது.